ஆறு கம்பிகள் குடிபோன தெரு

எங்கள் கோவில் புனிதர் சந்தியாகப்பர் ஏறி உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் குதிரை மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கும் ஒரே கடைவாய்ப்பல் மேல் சத்தியம், இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கே என் நாக்கு வெயிலில் போட்ட கருவாடாகச் சுருண்டு போகட்டும், ஓய்! தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, நிறுத்தலாமா வேண்டாமா என்று பஸ்காரன் ஒவ்வொரு தடவையும் யோசிக்கிற வேம்பிலான்துறையில், கோவில் வாசலில் தொடங்கிக் கடலில் போய் முடிகிற சந்தியாகப்பர் தெருவில், பட்டப்பகலில், எல்லோர் காதும் கேட்க நடந்தது இது.

டெல்மா மச்சாது பகலெல்லாம் புருசன் பிரிட்டோவோடு கடற்கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பின்னுவாள், பொழுது சாய்ந்தால் ‘கடற்காற்று இன்னிசைக் குழு’வில் கிட்டார் வாசிப்பாள், இரண்டுக்கும் அவளிடம் இருந்தது அதே பத்து விரல்கள்தான் என்பதால் அவள் பின்னிய வலையில் மீன் கொஞ்சம் தாளத்தோடு துள்ளும் என்றும் அவள் வாசிக்கிற பாட்டில் கொஞ்சம் கவிச்சி அடிக்கும் என்றும் ஊரில் சொல்வார்கள். அந்தக் குழுவில் ஒரு காலத்தில் புல்லாங்குழல் இருந்தது, வயலின் இருந்தது, டிரம்பெட் ஊதுகிற தடியர் ஒருத்தர் இருந்தார். லம்பர்ட் கோமஸ் ஒரு கீபோர்டு வாங்கி வந்தான். புல்லாங்குழல் அந்தப் பெட்டிக்குள் போயிற்று, வயலின் போயிற்று, டிரம்பெட்டும் போயிற்று, வாசித்தவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள். கடைசியில் மேடையில் மிஞ்சியது லம்பர்ட்டும் அவன் பெட்டியும் டெல்மாவும்.

திருநாள் ஒத்திகையின்போது லம்பர்ட் நைசாக ஆரம்பித்தான்.

“யக்கா, கோவப்படாதீக. கிட்டாரும் இதுக்குள்ள வந்துட்டு.” ஒரு பொத்தானை அமுக்கினான். கிட்டார் மாதிரியே ஒன்று கேட்டது. “பாத்தீகளா? இதுக்குக் கம்பி அறாது, சுதி இறங்காது, நடுவுல டீ கேக்காது.”

“அதுக்கு வாயும் வயிறும் கிடையாதுல்லா, எப்படிலே கேக்கும்? அதுக்கும் சேத்து உனக்கு இருக்கே,” என்றாள் டெல்மா.

திருநாள் கமிட்டித் தலைவர் தொம்மை பர்னாந்து இருவரையும் பார்த்துத் தன் வயிற்றைத் தடவினார். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் வயிற்றோடு கலந்து ஆலோசிப்பது வழக்கம்.

“ஏம்மா டெல்மா, நான் நியாயமாச் சொல்லுதேன். இந்தத் திருநாளுக்கு வாசி. சனம் எந்திரிச்சு நிக்கணும். நின்னா உன் நாற்காலி உனக்கு. இல்லன்னா வாற வருசம் நீயும் கீழ மணல்ல உக்காந்து கேளு.”

கீழே உட்கார்ந்து கேட்பது! டெல்மாவுக்குக் காது ரெண்டும் கொதித்தது. அன்றைக்கே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய், பிலிப்பைன்ஸ் கப்பல்காரன் ஒருத்தனிடம், ஒரு சாக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்து, கிட்டாரில் கம்பிக்கு அடியில் பொருத்துகிற ஒரு பிக்கப்பை வாங்கி வந்தாள். சாதாரணக் கிட்டாரில் ஆறு கம்பியின் சத்தமும், ஆறு பேர் ஒரே சைக்கிளில் தொற்றிக்கொண்டு போகிற மாதிரி, ஒரே ஒயரில் இடித்து நெருக்கிக்கொண்டு வெளியே வரும். இந்தப் பிக்கப்போ கம்பிக்கு ஒரு காது வைத்து, ஆறையும் ஆறு தனி வழியில் அனுப்பும். ஆறு வழி, ஆறு ஸ்பீக்கர். ஒருத்தி உட்கார்ந்து ஆறு பேர் மாதிரி வாசிக்கலாம், பெட்டியும் வேண்டாம், பெட்டிக்காரனும் வேண்டாம்!

குறை ஒன்றுதான். சத்தத்தைப் பிரித்துத் தருகிற கேபிள் அதோடு வரவில்லை. ஒரு முனையில் பதிமூன்று ஊசி வைத்த வட்டப் பிளக், மறுமுனையில் கணவாய் மீனின் கால் மாதிரி ஆறாகப் பிரிந்து ஆறு பிளக், அப்படி ஒரு கேபிள். கம்பெனிக் கேபிளின் விலையைக் கேட்டதும் பிரிட்டோ கையிலிருந்த வலை ஊசியைக் கீழே போட்டுவிட்டார். சரி, நாமே செய்வோம் என்று மெட்ராசிலிருந்து வட்டப் பிளக்கை பார்சலில் வரவழைத்து, கோவில் மைக்செட்டில் கழித்துப் போட்ட ஒயரை வாங்கி, எந்த ஊசியில் எந்தக் கம்பி என்று போட்ட படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஈயம் புகைய, மூக்கு ஒழுக, பற்றவைத்து முடித்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது, ஓய். படம் பிளக்கின் முகத்தைப் பார்த்துப் போட்டது. பற்றவைப்பது முதுகுப் பக்கம். முகத்தில் இடது என்றால் முதுகில் வலது. வேறு எந்த ஊர்க்காரனும் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பான். வலைக்காரிக்கு அந்த யோசனை எப்படி வரும்? வலைக்கு முகம் ஏது, முதுகு ஏது? எந்தப் பக்கமிருந்து பின்னினாலும் வலை வலைதான். அதனால் கரண்டு நுழைய வேண்டிய வாசலில் சத்தமும், சத்தம் வர வேண்டிய வாசலில் கரண்டுமாகப் போய், டெல்மா வீட்டில் ஆறு பழைய ஸ்பீக்கரை மாட்டி, ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக மீட்டியபோது, சத்தங்கள் காதுக்கு வராமல் வாசலுக்குப் போயின.

போயின என்றால் போயேவிட்டன. முதலில் மெல்லிய முதல் கம்பியின் சத்தம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடிற்று. அதன் பின்னால் மற்றவை. கடைசியாகத் தடித்த ஆறாவது கம்பி, நிறைமாதக்காரி மாதிரி இடுப்பில் கைவைத்து, படியிறங்கும்போது ஒரு மூச்சு விட்டு, ஆடி அசைந்து போயிற்று. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தெருநாய்கள் ஒவ்வொன்றாகத் தலை திருப்பி வழிவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். டெல்மா மறுபடி கம்பியைத் தட்டினாள். கட்டிலில் தட்டின மாதிரி டொக் என்றது, அவ்வளவுதான். கிட்டார் ஊமையாகிவிட்டது, திருநாளோ வந்துகொண்டே இருக்கிறது.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடல் தினம் எதையாவது கொண்டுவந்து போடுகிற ஊர், ஒருநாள் தேங்காய், ஒருநாள் கப்பல் மிதவை, ஒருநாள் ஒற்றைச் செருப்பு. வந்ததை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஆறாவது கம்பி இஞ்ஞாசி மோத்தா வீட்டு நீலத் தண்ணீர் டிரம்முக்குள் குடியேறி, இஞ்ஞாசி குறட்டை விடும்போதெல்லாம் ‘ஊம்ம்ம்’ என்று அதட்ட, படகில் நாலு பேரை அடக்கி ஆள்கிற அந்த மனுசன் தூக்கத்திலேயே வெட்கப்பட்டு ஒருக்களித்துப் படுத்தார். ஐந்தாவது ஐஸ் பாக்டரிக் கதவில் தங்கிக்கொண்டு, வேலைக்காரர்களின் சுத்தியலுக்குத் தாளம் பிடித்தது. நாலாவது சுடலைமணி டீக்கடை பாய்லரில். அது சுதி சேர்ந்தால் தண்ணீர் கொதித்துவிட்டது என்று அர்த்தம், சுடலைமணி மூடியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். முதல் கம்பி தபால்காரி ரோஸ்லின் வீட்டுத் தொட்டிலில் ஏறிக்கொள்ள, பிறந்த நாள் முதல் தெருவையே அழவைத்த அந்தப் பிள்ளை கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தது.

மூன்றாவது கம்பிதான் வம்பில் போய் விழுந்தது. விக்டோரியாவும் மிக்கேலம்மாளும் ஓரகத்திகள், ஒரு சுவரின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு வருசக்கணக்கில் பேசாதவர்கள். அது அந்தச் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

“அது எங்க பக்கந்தான் கேக்கு,” என்று விக்டோரியா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“கேக்கும், கேக்கும். உனக்கு எதுதான் கேக்காது? நான் சட்டியில என்ன கிண்டுதேன்னு கேக்குத காது!” என்று சுவரே பதில் சொன்ன மாதிரி அந்தப் பக்கமிருந்து வந்தது.

சண்டைதான். ஆனாலும் பேச்சுத்தானே! அன்றிலிருந்து இரண்டு பேரும் காலையில் எழுந்ததும் சுவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஒற்றைக் கம்பியின் சுதியில், பழைய பாக்கியையெல்லாம் ஒன்றுவிடாமல் திட்டித் தீர்த்து, பத்து மணிக்குக் குழம்பு மாற்றிக்கொண்டார்கள்.

இப்படி அந்தச் சத்தங்கள் தெருவில் வளர்ந்தன. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்கள் டிரம்முக்கும் பாய்லருக்கும் தனித்தனியே வைத்தார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கலாமா என்று இஞ்ஞாசி பெண்டாட்டி கத்தரீன் போய்க் கேட்க, ஆதார் எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தபோது ஐந்தும் தாமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டன, அதற்குப் பிறகு அவற்றை அந்நியர் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது கம்பி மட்டும் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. கடலுக்குள் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

டெல்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

“ஏட்டி டெல்மா, நம்பி வந்த பிள்ளய வெரட்டச் சொல்லுதியா?” என்றார் இஞ்ஞாசி.

“அண்ணே, அது என் கம்பிச் சத்தம்ணே!”

“உன் வீட்டுல இருந்தவரைக்கும் உன்னது. இப்ப எங்க வீட்டுப் பிள்ள.”

கத்தரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மைனி, கலியாணம் ஆன நாள்லேருந்து நான் இப்பத்தான் கண்ணசருதேன். என் தூக்கத்தக் கெடுத்துட்டு நீ எந்தச் சாமிக்கு வாசிக்கப் போற, சொல்லு?”

சுடலைமணி டீயை நீட்டினார். “தங்கச்சி, டீ எத்தனை வேணுமோ குடி. பாய்லர மட்டும் கேக்காத.”

டெல்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். பிரிட்டோ வலையின் அந்தப் பக்கம் நின்று பிடிக்க, இவள் இந்தப் பக்கம் நின்று பின்னினாள். “வலக்கைப் பக்கம் இழு,” என்றாள். பிரிட்டோ இழுத்தார். அவளுக்கு இடக்கைப் பக்கம் இழுபட்டது.

“யோவ், வலதுன்னா வலது!”

“இதுதாம்ட்டி வலது. நான் இங்கிட்டிருந்துல்லா உன்னப் பாத்து நிக்கேன்!”

டெல்மா ஊசியோடு அப்படியே நின்றுவிட்டாள். வலைக்கு முகமில்லை, சரி. பிடித்திருக்கிற ஆளுக்கு இருக்கிறதே! போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள். பிளக்கைத் திறந்து, பதிமூன்று முனையையும் உருக்கிக் கழற்றி, இடதை வலதாக்கி மறுபடி பற்றவைத்தாள். மாட்டினாள். எதிர்வீட்டு ரோஸ்லினின் தொட்டிலில் முதல் கம்பி ஒரு துள்ளு துள்ளி அடங்கியதை அவளே கேட்டாள். வேலை செய்கிறது! ஆனால் கேபிளோ நாலு முழம். எதிர்வீட்டுத் தொட்டில் வரைக்கும்கூட எட்டவில்லை. சத்தங்கள் பக்கத்தில் வந்தால்தான் உள்ளே ஏறும், வீட்டுக்காரர்களோ விடமாட்டார்கள்.

அவர்களை இளக்கியது டெல்மா இல்லை, லம்பர்ட்தான். திருநாளுக்கு முந்தின நாள் சுடலைமணி கடையில் உட்கார்ந்துகொண்டு அவன் பெருமையடித்தான்: “உங்க பாய்லர், டிரம்மு, கதவு எல்லாத்தையும் பிடிச்சு என் பெட்டியில போட்டுட்டேன் அண்ணாச்சி. கேளுங்க. முப்பத்தி நாலாம் பொத்தான் நம்ம பாய்லர்.” அமுக்கினான். கொதிக்காத தண்ணீரின் சத்தம் ஒன்று வந்தது.

சுடலைமணியின் கை டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டது. “இதுவா என் பாய்லரு? லேய், இந்தத் தண்ணியில போட்டா டீத்தூளு மிதக்கும்லே!”

“முப்பத்தஞ்சு, இஞ்ஞாசி அண்ணன் வீட்டு டிரம்மு.”

“எங்க பிள்ளைக்கு நம்பரா போட்ட?” என்று இஞ்ஞாசி எழுந்து நின்றதில் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் விழுந்தார். தெருவே கூடிவிட்டது. சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் விக்டோரியாவும் மிக்கேலம்மாளும் ஒரே வார்த்தையில் திட்டிக்கொண்டு ஒரே சமயத்தில் வந்தார்கள், அதுவே ஒரு அற்புதம். அங்கேயே முடிவாயிற்று: திருநாள் அன்றைக்கு ஒரு பொழுது பிள்ளைகளை அனுப்புவது. ஆனால் கட்டிக்கொடுத்த பெண்ணை அனுப்புகிற மரியாதையோடு சீர்வரிசை வைத்துத்தான் அனுப்புவோம், பாட்டு முடிந்த கையோடு மறுவீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். டெல்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் வெயில் தாழ, மேளம் முழங்க, வரிசை கிளம்பிற்று பாரும்! முன்னால் தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை. பின்னால் நாலு படகுக்காரர்கள் தோளில் மாலை போட்ட நீல டிரம். அதன் பின்னால் புகை கக்கிக்கொண்டே பாய்லர். ஐஸ் சொட்டச் சொட்டப் பாக்டரிக் கதவு. பிள்ளை உள்ளே படுத்தபடியே தொட்டில். சுவரை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் சத்தம் இருந்த ஒரு செங்கல்லை மட்டும் பெயர்த்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு விக்டோரியாவும் மிக்கேலம்மாளும். கடைசியில், யாரும் எதிர்பார்க்காமல், பங்குச்சாமியார், ஊர் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனப் பெட்டியின் சன்னல் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“மகளே, இதுக்குள்ள கொஞ்ச நாளா ஒண்ணு முனகிக்கிட்டு இருக்கு. நான் கொசுன்னு நினைச்சேன். உன்னோட ரெண்டாவது கம்பி இதுதானோ?”

அதேதான். பெட்டிக்குள் அந்த முனகல் வந்தது முதல் முழந்தாள் போட்டவர்களுக்கு மனசு இளகி, சொல்ல வந்த பாவத்தோடு சொல்லாமல் வைத்திருந்த பாவங்களையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, லேசான நடையோடு வீட்டுக்குப் போனார்கள். வரிசை கோவிலைச் சுற்றி நின்றதாம். சாமியாருக்குக் காரணம் இப்போதுதான் விளங்கிற்று. டெல்மாவுக்கு அப்போது விளங்கியது ஒன்றுதான்: ஆறும் சேர்ந்துவிட்டன!

மேடையில் ஏறினாள். கூட்டம் கடல் வரைக்கும் இருந்தது. லம்பர்ட் பெட்டிக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தொம்மை முன்வரிசையில் வயிற்றில் கைவைத்துக்கொண்டிருந்தார். வட்டப் பிளக்கை கிட்டாரில் செருகி, கணவாய்க் கால் ஆறையும் ஆறு ஸ்பீக்கருக்குக் கொடுத்து, ஒரே இழுப்பாக மீட்டினாள்.

அடடா, ஓய்! சத்தங்கள் போன மாதிரி திரும்பி வரவில்லை. இருந்த வீட்டையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தன. ஆறாவது கம்பியில் இஞ்ஞாசியின் குறட்டையும் அலையும் சேர்ந்து தரை அதிர்ந்தது, ஐந்தாவதில் ஐஸ் உடைந்தது, நாலாவது கொதித்து ‘ரெண்டு டீ, ஒண்ணு சீனி கம்மி’ என்று ஏறிற்று, மூன்றாவதில் விக்டோரியாவும் மிக்கேலம்மாளும் திட்டுவது நாலு கட்டைச் சுதியில் சங்கீதமாக இறங்க, முதல் கம்பியில் தொட்டில் பிள்ளை கலகலவென்று சிரித்தது. ஆறு பக்கத்திலிருந்தும் தெருவே பாடிற்று. சனம் எழுந்து நின்றது! மணலில் இருந்தவன், மதில்மேல் இருந்தவன், கால் உடைந்து கட்டுப்போட்டு வந்தவன்கூட எழுந்து நின்றான். “எங்க பிள்ளைல்லா!” என்று கத்தரீன் கத்தினாள். லம்பர்ட் தன் பெட்டியின் பொத்தான்களைப் பார்த்தான், இதற்கு ஒரு பொத்தானும் அதில் இல்லை.

டெல்மா இரண்டாவது கம்பியைத் தனியாகத் தொட்டது அப்போதுதான்.

அது பாடவில்லை, பேசிற்று. தேன் மாதிரி ஒரு குரலில், ஸ்பீக்கர் நிறைய, கடல் வரைக்கும் கேட்க: “சாமி, நான் பாவி. போன திருநாள் அசன விருந்துக்கு வெட்டின ஆட்டு ஈரலையெல்லாம் நான் தனியா எடுத்து, துண்டுக்குள்ள வச்சு, என் வீட்டு…”

அசனச் சமையல்கட்டின் சாவி யாருடைய இடுப்பில் தொங்கும் என்று வேம்பிலான்துறையில் பிறந்த ஈக்கும் தெரியும். தொம்மையின் முகம் அவித்த இறால் மாதிரி சிவந்தது. ஆனால் அவரைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருத்தனும் தான் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு முன்னால் கடைசியாக முழந்தாள் போட்டது என்றைக்கு, வரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தான். சாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஓட எழுந்தார், எங்கே ஓடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. லம்பர்ட்டோ பெட்டிக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பழைய ஒற்றை ஒயர்க் கேபிளாக இருந்திருந்தால் அன்றைக்கு ஊர் முடிந்தது. ஒரே ஒயரில் ஆறும் வரும், ஒன்றை அடக்க ஆறையும் அடக்க வேண்டும், பாட்டும் போச்சு, நாற்காலியும் போச்சு. டெல்மா செய்தது ஆறு வழிக் கேபிள் அல்லவா! குனிந்தாள். கணவாய்க் காலில் இரண்டாவதை மட்டும் பிடித்து, சடக்கென்று உருவினாள். குரல் பாதி வார்த்தையில் நின்றது. மற்ற ஐந்தும் ஒரு தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டே இருந்தன. உருவின பிளக்கை இடது கையின் சுண்டுவிரலில் கோத்துக்கொண்டு, மீதி விரல்களால் அவள் பாட்டை முடித்தாள்.

கை தட்டினார்கள் பாரும்! அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கடற்கரை கண்டதில்லை. பாதி சந்தோஷம், பாதி பயம், எது எவ்வளவு என்று பிரிக்க ஒரு கேபிளும் கிடையாது. ஒருத்தனும் உட்கார மாட்டேன் என்கிறான், எல்லோர் கண்ணும் அந்தச் சுண்டுவிரலில். தொம்மை தட்டுத் தடுமாறி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“கிட்டார் நாற்காலி… இந்தக் கோவில் இருக்க மட்டும்… டெல்மா மச்சாதுக்கு!”

“அவளுக்குப் பிறகு?” என்று கூட்டத்தில் எவனோ கேட்டான்.

“பிறகும் அவளுக்குத்தாம்லே!”

லம்பர்ட் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “யக்கா, நீங்க எங்கயும் போயிராதீக. நான் பெட்டிய வேணும்னா பின்னால தள்ளிப் போட்டுக்கிடுதேன். அந்த ரெண்டாவது பிளக்க மட்டும்…”

“ஏம்லே, உனக்கு என்ன பயம்?”

“எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லக்கா,” என்றான், வேர்வை மூக்கிலிருந்து சொட்ட.

பேச்சுப்படி ஐந்து சத்தங்களையும் அன்றைக்கே மறுவீடு அனுப்பிவைத்தாள், இரண்டாவது மட்டும் கிட்டாரிலேயே தங்கிவிட்டது, பிள்ளை தூங்கிற்று, கத்தரீன் தூங்கினாள், பாய்லர் சுதி சேர்ந்தது. இப்போதும் கச்சேரி என்றால் தெருவே வரிசை கட்டிக்கொண்டு போகிறது, வெளியூரில்கூட அழைக்கிறார்கள். எங்கே போனாலும் அந்த ஊர் ஒலிப்பொறியாளன் எவனாவது ஐந்து ஸ்பீக்கரையும் ஆறாவதாகச் சும்மா நிற்கிற ஒன்றையும் பார்த்துவிட்டு, “மேடம், ஒரு லைன் விட்டுப் போச்சே, குடுங்க, சொருகிடலாம்,” என்று கை நீட்டுவான். டெல்மா அந்தப் பிளக்கைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றுவாள். உடனே கூட வந்த வேம்பிலான்துறைக்காரர்கள் அத்தனை பேரும், கமிட்டித் தலைவர் முதல் கதவு சுமந்தவன் வரைக்கும், ஒரே தொண்டையாகக் கத்துவார்கள்: “அஞ்சே போதும் மைனி, அஞ்சே போதும்!”

நீர் கேட்டதை நாலு பேரிடம் சொல்லும், தாராளமாகச் சொல்லும், நல்ல கதை நடக்கத்தான் பிறந்தது. ஆனால் யார் சொன்னது என்று எவனாவது கேட்டால், பேச்சை மாற்றி ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடும், என் பேரை மட்டும் எடுக்க வேண்டாம், ஓய். பிளக் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.